பதினோரு சிவப்புப் புள்ளிகள்

கருத்தரங்கில் நான் காட்டிய வரைபடத்தில் பதினோரு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. மணமேல்குடிப் பக்கத்து விசைப்படகு ஒன்று கடல் எல்லையைத் தாண்டி மீன்பிடித்த இடங்கள். ஒவ்வொன்றின் கீழும் தேதி. பிராந்தியப் பாதுகாப்பு ஆய்வில் இப்படி ஒரு தரவு அபூர்வம் என்றார்கள். என்னை உதவிப் பேராசிரியராக எடுப்பதா என்று முடிவுசெய்யும் குழுவில் இருந்த முன்னாள் கடற்படை அதிகாரி, படத்தின் பிரதி கேட்டார். அந்த நிமிடம் வேலை மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. கொடுத்துவிட்டேன்.

பெயரைப் போட மாட்டேன் என்று, அந்த இடங்களைச் சொன்ன படகுக்காரர் காஜா மைதீன் சாச்சாவிடம் சொல்லியிருந்தேன். போடவில்லைதான். ஆனால் கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் மீன்வளத் துறையில் அனுமதி டோக்கன் வாங்குகிறது. தேதியை அதோடு ஒப்பிட்டால் யார் படகு என்று தெரிந்துவிடும், வழக்கு அவர் மேல் வரும். இது பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது.

நான்கு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மீன்பிடித் தடைக்காலம், வீட்டில்தான் இருந்தார். எங்கள் அத்தாவின் சிநேகிதர். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"இங்கிட்டெல்லாம் மணல் திட்டு புள்ள. முழங்கால் தண்ணி. நம்ம படகு போனா தரை தட்டிரும்."

"அந்தத் தேதிங்க?"

"எஞ்சினைக் கழட்டி ஒர்க்‌ஷாப்புல போட்டுருந்தேன். அந்த மாசம் டோக்கனே வாங்கல."

"அப்ப ஏன் சாச்சா சொன்னீங்க?"

"மீன் கெடைக்கிற பாயிண்ட்ட யாரு சொல்லுவா? எம் மகன் வாஜித்துக்கே பாதிதான் சொல்லிருக்கேன். நீ படிப்புக்குன்னு வந்து நின்ன. வெறுங்கையா அனுப்ப மனசு வரல."

"கண்ணாடிய வச்ச எடத்தயே எனக்குச் சொல்ல மாட்டாரு," என்றார் உள்ளிருந்து ஹவ்வா உம்மாள் சாச்சி.

உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருட ஆய்வின் சிறந்த அத்தியாயம் போய்விட்டது என்பது மெல்ல உறைத்தது. துக்கம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவர் மட்டும் என்னை நம்பி உண்மையான இடங்களைச் சொல்லியிருந்தால், இந்நேரம் மாட்டியிருப்பார். நான் என்ன செய்யக்கூடியவள் என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அது வலித்திருக்க வேண்டும். ஆனால் மூச்சு தாராளமாக வந்தது.

அங்கேயே கைப்பேசியில் குழுவுக்கும் அதிகாரிக்கும் எழுதினேன். வரைபடம் தவறு, இடங்களைச் சரிபார்க்காமல் காட்டியது என் பிழை, ஆய்வுக்கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"வேலை போயிருமா?" என்றார் சாச்சா.

"போகலாம்."

"சரி. சாப்புட்டுட்டுப் போ."

சாச்சி நண்டுக் குழம்பு ஊற்றினார். இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கினேன்.