சந்திக்கு வந்த மைனஸ்

அந்த ஊரில் சந்திக்குள் நுழைகிறவர்கள் எத்தனை பேரோ, வெளியேறுகிறவர்களும் அத்தனை பேர்தான். மின்சுற்றுக்கென்று எழுதிய விதி அது. ஆனால் பாடப்புத்தகத்தில் ‘சந்தி’ என்று அச்சாகிவிட்டதால், டீக்கடையை ஒட்டி மூன்று தெரு கூடும் ஊர்ச்சந்தியும் சரியென்று தலையாட்டிவிட்டது. அன்றிலிருந்து ஆளைக் காணோமென்றால் யாரும் போலீசுக்கு ஓடுவதில்லை, கணக்குப் போடுவார்கள்.

பியூஸ் கம்பி வாங்கப் போன ஞானதுரை, பொழுது சாய்ந்தும் வீடு திரும்பவில்லை. விளக்கில்லாத வீட்டில் ஒற்றையாக உட்காரப் பிடிக்காமல் அவர் மனைவி, இயற்பியல் டீச்சர் ஜெயசீலி, சாக்பீசும் கையுமாகச் சந்திக்கு வந்தாள்.

“பாடம் நடத்துறவங்க வீட்டிலேயே ஆள் தொலையுது பாருங்க” என்றார் டீக்கடை மாசானம்.

“கேலியை விட்டுட்டு ஆளைச் சொல்லுங்கண்ணே. மில் தெருவிலேர்ந்து உள்ளே?”

“ரெண்டு பேர்.”

“சந்தை ரோட்டு வழியா வெளியே?”

“மூணு.”

தார் ரோட்டிலேயே எழுதினாள். மூன்றாவதான தன் தெருவுக்கு, சந்தியிலிருந்து வீட்டைப் பார்த்தாற்போல ஓர் அம்பு போட்டாள். அவர் வீட்டுக்குத்தானே வரவேண்டும்? உள்ளே வந்த இரண்டில் வெளியே போன மூன்றைக் கழித்தாள்; விடை மைனஸ் ஒன்று என்று வந்தது.

“தப்பா டீச்சர்?”

“விடை சரிதான். நான் போட்ட திசைதான் தப்பு. வீட்டுக்கு யாரும் போகலே. எங்க தெருவிலேர்ந்து ஒரு ஆள் சந்திக்கு வந்திருக்கு.”

“ஒரே ஆளா? சாரும் நீங்களும்னா ரெண்டாச்சே.”

ஜெயசீலி சாக்பீஸ் பிடிக்காத கையை விரித்துப் பார்த்தாள். பியூஸ் கம்பி சுருண்டு கிடந்தது. ஆக, வாங்கப் போனது அவள்தான். ஞானதுரை இருட்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டுப் பக்கம் திரும்பினாள். கால் எழவில்லை.

“நீங்கதான் மூணாவது ஆளாப் போயிட்டீங்களே” என்றார் மாசானம், டீயை ஆற்றிக்கொண்டே. “சந்தியிலே எதுவும் தேங்கி நிக்காதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க.”

சந்தை ரோட்டில் மூன்று முதுகுகள் தெரிந்தன. கடைசி முதுகில், அவள் உடுத்தியிருந்த அதே ஊதாச் சேலை.

கம்பியை மாசானத்திடம் நீட்டினாள். “அவர் தேடிக்கிட்டு வந்தா கொடுத்திருங்கண்ணே. வீட்டிலே விளக்கு எரியட்டும்.”

எட்டி நடந்தாள். ஊதாச் சேலைக்காரி திரும்பாமலே நடையைக் குறைத்து, கையைப் பின்னால் நீட்டினாள். ஜெயசீலி அதில் சாக்பீசை வைத்தாள்.

சந்தை ரோட்டில் மூன்று பேர் போய்க்கொண்டிருந்தார்கள்.