வடைமாலை போட்ட எல்லைக்கல்

1986 ஓகஸ்ட் மாதத்தில் சுவிற்சர்லாந்தின் பேர்ன் மாநில எல்லைக்கல் ஒன்று, கழுத்தில் வடைமாலையுடன், சொலத்தூர்ன் மாநிலத்துக்குள் நான்கு கிலோமீற்றர் நடந்துபோனது. மூன்று நாள் எடுத்தது. வழியில் ஒரு சோளப்பயிரைக்கூட அது மிதிக்கவில்லை என்பதை விவசாயிகளே ஒப்புக்கொள்கிறார்கள்.

தொடக்கம் ஒரு சுற்றுலா. பேர்ன் மாநிலத்து ஓஸ்டர்முண்டிகனில் புதன்கிழமைகளில் தமிழருக்கு ஜெர்மன் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியை கெர்பர், தன் மாணவர்களுக்கு நாட்டின் பழமையைக் காட்ட ஒரு பஸ் பிடித்தார். காட்டுக்குள் நிற்கும் நெடுங்கல், பாதையோரச் சிலுவைகள், கண்நோய் தீர்க்கும் ஊற்று என்று கையில் பட்டியல் வைத்திருந்தார். மாணவர்கள் நெடுங்கல்லைச் சுற்றி வந்தார்கள், சிலுவையடியில் கற்பூரம் கொளுத்தினார்கள், ஊற்றில் கால் கழுவினார்கள். அது குடிக்கிற தண்ணீர் என்று ஆசிரியை சொல்லும்போது எல்லோரும் கழுவி முடித்திருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு பஸ் நின்ற இடத்தில், பட்டியலில் இல்லாத ஒரு கல் இருந்தது. மாணவர்களில் ஒருவரான தில்லைநாயகி அக்கா பாசியைச் சுரண்டிப் பார்த்தார். அடியில் ஒரு மிருகம் செதுக்கியிருந்தது.

"இஞ்சை வாங்கோ, இது எங்கடை வைரவரெல்லோ! நாய் நிக்குது பாருங்கோ."

"நாய்க்கு இவ்வளவு கொழுப்போ அக்கா?" என்றார் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைசெய்த யோகராஜா.

"சுவிஸ் நாயடாப்பா. சீஸ் திண்டு வளர்ந்தது."

அது கரடி, பேர்னின் சின்னம், இந்த இடம் இரண்டு மாநிலங்களின் எல்லை என்று ஆசிரியை விளக்கினார். அதற்குள் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த நாற்பத்தொரு வடையும் நூலில் ஏறியிருந்தன.

யோகராஜாவின் மனைவி சந்திரமதியும் அங்கே வந்திருந்தார். எல்லையின் மறுபக்கத்திலிருந்து, சைக்கிளில். கணவருக்கு இரண்டு வருடம் பிந்தி அகதியாக நாட்டுக்கு வந்தவரை அதிகாரிகள் சொலத்தூர்னுக்கு அனுப்பிவிட்டார்கள். கோயிலில் கட்டிய தாலிக்குப் பதிவுத் துண்டு இல்லை. மாநிலம் மாறிக் கணவருடன் இருக்க அவர் அனுப்பிய விண்ணப்பம் மூன்று முறை மறுக்கப்பட்டிருந்தது. அவர் கல்லை மூன்று முறை சுற்றி, "வைரவரே, எங்களிரண்டு பேரையும் ஒரு பக்கத்திலை விடும்" என்று சத்தமாகவே கேட்டார்.

கல் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நான்காம் நாள் காலையில், சந்திரமதி தங்கியிருந்த பண்ணைவீட்டைத் தாண்டி, பால் வண்டி திரும்புகிற முடக்கில் நின்றது. எல்லைக்கோடும் கூடவே இழுபட்டு, வீடு பேர்னுக்குள் வந்துவிட்டது. நில அளவையாளர்கள் இருமுறை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் நட்டார்கள். இருமுறையும் திரும்பி வந்தது, இரண்டாம் முறை கொஞ்சம் வேகமாக. மூன்றாம் முறை லொறி கேட்க வெட்கப்பட்டு வரைபடத்தைத் திருத்தினார்கள். பண்ணைக்காரர் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, தன் உழவு இயந்திரத்தின் இலக்கத்தகட்டைப் பேர்ன் தகடாக மாற்றிக்கொண்டார்.

ஒக்டோபரில் சந்திரமதிக்கு நாலாவது கடிதம் வந்தது. அதுவும் மறுப்புத்தான்: விண்ணப்பதாரி ஏற்கனவே பேர்ன் மாநிலத்தில் வசிப்பதால், பேர்னுக்கு மாற அனுமதி வழங்க இயலாது. யோகராஜா அதை இரண்டுதரம் வாசித்துவிட்டு, அன்று பின்னேரமே மனைவியையும் இரண்டு பைகளையும் சைக்கிளையும் ஓஸ்டர்முண்டிகனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கடிதம் சாமிப்படத்தட்டில் இருக்கிறது.

கல் இன்னும் அந்த முடக்கில்தான் நிற்கிறது. அடுத்த வருடச் சுற்றுலாவுக்கு ஆசிரியை கெர்பர் மூன்று பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. ஊற்றும் சிலுவையும் வேண்டாம், எல்லைக்கற்கள் போதும் என்றார்கள். வடையை இம்முறை வீட்டிலேயே கோத்துக்கொண்டு வந்தார்கள்.