ஒரு மணி நேரம் சேர்த்து

வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றி, அம்மாவின் தலைப்பக்கத்தை அவன் இறக்கிக்கொண்டிருந்தான். பாதியில் அது முரண்டு பிடித்தது.

"எண்ணெய் போடணும்டா, இனிமே ராத்திரியில..." என்று ஆரம்பித்த சித்தி, அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தங்கை இன்னும் ஆகாயத்தில்தான் இருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

விமான டிக்கெட் ஆபீஸில் அவனுக்கு இருபத்திரண்டு வருட வேலை. எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் அவன் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. அம்மா அவனுக்கு 'பைலட்டு' என்று பேர் வைத்ததே அதனால்தான்.

தங்கை இருக்கும் ஊர் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். பறக்க எட்டு மணி நேரம், இறங்கி வீடு வந்துசேர ஒரு மணி நேரம். ஆக ஒன்பது. அம்மாவிடம் மட்டும் பத்து என்பான். விமானம் கொஞ்சம் தாமதமானாலும் அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே வீட்டை ஒரு வழி பண்ணிவிடுவாள். பதினோரு வருடமாக அம்மாவை ஏமாற்றிவருவதில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு.

இன்று காலை நம் நேரப்படி ஐந்துக்குத் தங்கையின் விமானம் கிளம்பியது. "பைலட்டு, எப்ப வருவா?" என்றாள் அம்மா. ஒவ்வொரு மூச்சும் மாடிப்படி ஏறி வருவதுபோல் வந்தது. பத்து என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்பதும் வரவில்லை.

"எட்டு மணி நேரம்தாம்மா. ஒரு மணிக்கு வீட்டுல இருப்பா."

பதினொன்றேமுக்காலுக்கு அம்மா, "தலையத் தூக்கி வைடா. வாசல் தெரியணும்" என்றாள்.

"அதுக்குள்ளயா?"

அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு. பன்னிரண்டே கால். பிறகு பார்வை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

கட்டில் ஒருவழியாகச் சமமாயிற்று.

"பன்னெண்டுக்கே உன் தங்கச்சி வந்துருவான்னு உங்கம்மா காத்துக்கிட்டு இருந்தா," என்றார் அப்பா.

"ஒரு மணின்னுதானேப்பா சொன்னேன்?"

"நீ எப்பவும் ஒரு மணி நேரம் சேர்த்துத்தானடா சொல்வ. அவ கழிச்சுக்குவா. தான் கெட்டிக்காரன்னு நெனச்சு அவன் சந்தோஷப்பட்டுக்கட்டும், காட்டிக்காதீங்கன்னு எங்கிட்ட சொல்லிவச்சிருந்தா."

"எனக்கும் தெரியும்டா," என்றாள் சித்தி.

அவன் கைப்பிடியை விடவில்லை. சுற்ற இனி ஒன்றும் இல்லை.

"இப்ப இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் அப்பா.

"ஒன்னரை மணி நேரம். சரியா ஒன்னரைப்பா."

"சரிடா."

அப்பா எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையைப் போட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், தெருமுனையைப் பார்த்து வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"அத்தான், இன்னும் அரை மணி இருக்கே. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க," என்று சித்தி டம்ளருடன் பின்னாலேயே போனாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய், அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டான்.