கையெழுத்துப் போடப் போனவன்

வேனைவிட்டு இறங்கிய ரித்தி சாவ் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தான். இருபத்திரண்டு வருடமாக ஜனவரியில் ஒரு நாள் இப்படித்தான் உடுத்திக்கொண்டு வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்தரை மணிக்கெல்லாம் யார் வீட்டு நிலவறையிலாவது வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருப்பான். இந்த முறை மனைவி ஸ்ரேமொம் கூட வந்திருந்தாள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் வன்னாரி தேப்பும் சொன்னபடி எட்டரைக்கே வந்து நின்றிருந்தாள். அந்தச் செங்கல் கட்டடத்தில் பல் மருத்துவருக்குப் பெயர்ப்பலகை உண்டு, வரிக் கணக்கருக்கு உண்டு. குடியேற்ற அலுவலகத்துக்கு மட்டும் கிடையாது. வருகிறவர்களுக்கு வழி தெரியும்.

“என்னக்கா, சட்டசபையே வாசல்ல வந்து நிக்குது! இன்னைக்கு உள்ள போனா எனக்கு காப்பி, டோனட் எல்லாம் கொடுப்பாங்க போல,” என்றான் ரித்தி.

“வாய மூடிட்டு உள்ள போ. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு,” என்றாள் வன்னாரி.

“போயிட்டு வர்றேன்,” என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, காலணியில் ஒட்டியிருந்த, பனி உருகத் தெருவில் தூவிய உப்பையும் பனியையும் வாசல் மிதியடியில் தட்டிவிட்டு உள்ளே போனான்.

ஒரு வாரம் முன்பு ரித்தியும் ஸ்ரேமொமும் வன்னாரியின் தொகுதி அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். நகம் வெட்டி வண்ணம் பூசும் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். ஸ்ரேமொம் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்: “இந்த வருஷம் போகணுமா அக்கா? கையெழுத்துப் போடப் போன ரெண்டு பேரு போன மாசம் திரும்பி வரலையாம். கோவில்ல பேசிக்கிறாங்க.” ரித்திக்குப் பத்தொன்பது வயதில் ஒரு தெருச்சண்டை, மூன்று வருடச் சிறை, அதோடு கிரீன் கார்டு போயிற்று, நாடு கடத்தும் உத்தரவு வந்தது. அவனை ஏற்றுக்கொள்ள, அவனைப் பெற்றவர்கள் தப்பி வந்த நாடு அப்போது தயாராக இல்லாததால் உத்தரவு தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்டை அவன் பார்த்ததே கிடையாது. பிறந்தது தாய்லாந்து எல்லையில் ஓர் அகதி முகாமில். வாக்குரிமை இல்லாதவன், மூன்று தேர்தலிலும் வன்னாரிக்காக வீடு வீடாகப் போனான். “எனக்கு ஓட்டு கிடையாது, உங்களுக்கு இருக்கு, அத வீணாக்காதீங்க” என்பதுதான் அவன் பிரசாரம். யார் கதவைத் தட்டினாலும் அவர்கள் வீட்டுக் கொதிகலனை ஒருதடவையாவது பழுதுபார்த்தவனாக இருப்பான். ஒருவரும் முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தியதில்லை.

வன்னாரி அன்று யோசிக்காமல் பதில் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். “போகணும். போகலேன்னா தப்பு நம்ம பக்கம் வந்துரும். இத்தனை வருஷம் ஒழுங்கா வந்தவன்னு ஃபைல்ல இருக்கு. சட்டப்படி நடக்கிறவனுக்குச் சட்டம் துணை நிக்கும். நானும் வர்றேன்.” பதவியில் இருக்கிற ஒருத்தி, போகாதே என்று சொல்ல முடியாது என்பதும் அந்த யோசனையில் இருந்தது. அது எவ்வளவு பங்கு என்று பிற்பாடு அவள் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பதினொன்றேகாலுக்கு ஓர் இளம் அதிகாரி வெளியே வந்து, யார் மனைவி என்று கேட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையொன்றைக் கொடுத்தான். பெல்ட், கைக்கடிகாரம், வேன் சாவி, இரண்டு காலணிக் கயிறுகள். கயிறுகளைப் பார்த்ததும்தான் அவனை அடைத்துவிட்டார்கள் என்று ஸ்ரேமொமுக்கு விளங்கியது. பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வன்னாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்கதானே போகச் சொன்னீங்க,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதன்பிறகு ஒருபோதும் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

வன்னாரிக்குப் பேசத் தெரியும். அந்த ஆற்றங்கரை ஆலை நகரத்தில் பாதிப் பேருக்கு அவள் பேச்சு மனப்பாடம். பள்ளிக்கூடங்களில், வானொலியில், குடியுரிமை உறுதிமொழி எடுக்கிற விழாக்களில் அவள் எப்போதும் தன் அப்பாவைப் பற்றிச் சொல்வாள். பிறந்த நாட்டில், ஆட்களைக் காணாமலடித்த ஆட்சியின்போது, அவளுக்கு நான்கு வயது. கூட்டம் இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். அப்பா மடித்துவைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். எங்கே போனார் என்று கேட்க அம்மா உட்பட ஊரில் ஒருவருக்கும் வாயில்லை. கேட்டவரும் போக வேண்டியதுதான். “அமெரிக்கா எனக்குச் சோறு போட்டது, பள்ளிக்கூடம் கொடுத்தது. ஆனா அதெல்லாம் பெருசில்ல. இங்க ஒரு ஆள எங்கேன்னு கேட்கலாம். கேட்டா பதில் சொல்லியாகணும். ஜனநாயகம்னா எனக்கு அவ்வளவுதான்.” கை தட்டுவார்கள். நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து கதைபேசும் கிழவர்கள் மட்டும், “நம்ம பொண்ணு பேசினா கவர்னரே அழுவாரு. எங்க தெருக் குழிதான் அப்படியே கெடக்கு,” என்று கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். குழியை மூட வைக்கவும் செய்வாள். வந்த நாட்டுக்கே திரும்பிப் போ என்று வாரத்துக்கு நான்கு மின்னஞ்சல் வரும். அவற்றுக்கும் மரியாதையாகப் பதில் எழுதுவாள். எழுதுகிறவனும் கேள்வி கேட்கிறவன்தானே என்பாள்.

ரித்தியை வைத்திருந்தது நாற்பது மைல் தள்ளியிருந்த ஒரு மாவட்டச் சிறையில். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் எந்தச் சிறைக்குள்ளும் எந்த நேரமும் நுழைந்து பார்க்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அரசின் செயல்பாடுகளைக் கண்காணிக்கும் குழுவில் அவள் துணைத்தலைவி வேறு. அன்று மாலையே கிளம்பியிருப்பாள். குழுத்தலைவர் டொனஹ்யூதான் தொலைபேசியில் நிறுத்தினார். முப்பது வருடம் சபையில் இருந்தவர், நல்ல மனிதர், இவளைக் கைதூக்கிவிட்டவர்.

“திடுதிப்புன்னு போய் நின்னா நாடகம்னு எழுதுவாங்க, வன்னாரி. ஒரு கடிதம் போட்டுட்டு மறுநாள் போ. நமக்கும் மரியாதை, அவங்களுக்கும் மரியாதை.”

கடிதம் மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த நாள் காலை ஒன்பதுக்கு அவள் போய் நின்றாள். அவளை ஐம்பத்தைந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். பிறகு சிறைக் கண்காணிப்பாளர் ஹேலி நேரில் வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுற்றிக்காட்டினார். சமையலறை பளபளவென்று இருந்தது. நூலகத்தில் அவள் தாய்மொழியான கெமரில்கூடப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார்கள். படுக்கை எத்தனை, மருத்துவர் எத்தனை நாளுக்கொருமுறை, வக்கீலுக்குத் தொலைபேசி எங்கே, எல்லாவற்றையும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

“ரித்தி சாவைப் பார்க்கணும்.”

ஹேலி கையிலிருந்த தாளைப் பார்த்தார். “காலையில ஆறரைக்கே குடியேற்றத்துறைக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்களே மேடம்.”

“எங்க?”

“அது எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. வண்டி அவங்களோடது, லிஸ்ட் அவங்களோடது. நாங்க படுக்கை மட்டும்தான் கொடுக்கிறோம்.”

“என் கடிதம் வந்ததாலயா?”

அவர் உண்மையாகவே சங்கடப்பட்டார். “அப்படி நான் சொல்ல முடியாது மேடம். அப்படி இல்லேன்னும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது.”

அவன் படுத்திருந்த கட்டிலைக் காட்டச் சொன்னாள். காட்டினார்கள். புதிதாக விரிப்பு மாற்றியிருந்தது. அதன் முன்னால் நின்றபோது அவளுக்கு அழுகை வரவில்லை. எங்கே என்று கேட்டுவிட்டோம், பதிலும் சொல்லிவிட்டார்கள் என்ற நினைப்புத்தான் வந்தது. வாய் திறக்காத தன் அம்மாவும், வாய் ஓயாத தானும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறோம் என்று பட்டது. அந்த எண்ணத்தை அவள் உடனே உதறிவிட்டாள். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றாக இருக்கவே முடியாது என்று காரில் வரும் வழியெல்லாம் தனக்குத்தானே வாதாடினாள். அன்று காலை பத்து மணிக்கு மத்திய அரசின் நீதிமன்றத்தில் வக்கீல் விடுவிக்கக் கோரும் மனுவைத் தாக்கல் செய்தபோது ரித்தி வேறொரு மாநிலத்துக்குப் பறந்துகொண்டிருந்தான். மனுவுக்கு முன்பே மாநிலத்தை விட்டுப் போய்விட்டதால் இந்த நீதிமன்றத்துக்கு அவன்மேல் அதிகாரம் இல்லை என்றாயிற்று.

மார்ச்சில் விசாரணைக் கூட்டம் நடத்தினாள். சட்டமன்றக் கட்டடத்தின் பொன்முலாம் பூசிய கூரையின் கீழ், மர வேலைப்பாடு நிறைந்த அறையில், இருபத்துமூன்று கேள்விகளை ஒவ்வொன்றாக, தடுமாறாமல் கேட்டாள். மாவட்டச் சிறையிலிருந்து வந்தவர்கள் அது மத்திய அரசின் விஷயம் என்றார்கள். மத்திய அரசிலிருந்து யாரும் வரவில்லை. எழுத்து மூலம் பதில் வரும் என்று ஒரு வரி வந்திருந்தது. எல்லாம் அவைக்குறிப்பில் ஏறியது. கூட்டம் முடிந்ததும் டொனஹ்யூ அவள் தோளைத் தட்டி, “பிரமாதமா கேட்டே,” என்றார். ஒரு தொலைக்காட்சிக்காரி, இந்த அமைப்பின் மேல் உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டாள். “இருக்கு,” என்றாள் வன்னாரி. அந்தச் சொல் வழக்கமான இடத்திலிருந்து, வழக்கமான குரலில், தன்னைக் கேட்காமலே வெளியே வந்ததை அவளே கவனித்தாள். எழுத்து மூலமான பதில் ஏப்ரலில் வந்தது. பதினோரு பக்கம், அழகாகக் கட்டியிருந்தது, பெயர்களை எல்லாம் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள்.

அதற்குள் அந்த நாடு ஏற்றுக்கொள்ள, ரித்தி நாடு கடத்தப்பட்டு அதன் தலைநகர் புனோம் பென்னில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வன்னாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டான். பின்னால் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல்.

“எப்படிடா இருக்கே?”

“இருக்கேன்கா. இங்க எல்லாரும் என்னை மாதிரியே இருக்காங்க. ஆனா நான் வாயத் தொறந்தா சிரிக்கிறாங்க. டீக்கடைக்காரன் என்னை வெள்ளைக்காரான்னு கூப்பிடறான்.” அவனே சிரித்தான். “வேல தேடறேன். எனக்குத் தெரிஞ்சது கொதிகலன் வேல ஒண்ணுதான். இந்த ஊர்ல எதுக்குக்கா கொதிகலன்? ஃபேன் போட்டுட்டு உக்காந்தாலே வேகுது.”

“நான் விடமாட்டேன். மத்திய அமைச்சருக்கு எழுதியிருக்கேன்,” என்றாள்.

“எழுதுங்கக்கா,” என்றான், குழந்தையை விளையாட அனுப்புகிறவன் போல. பிறகு தயங்கி, “ஸ்ரேமொம் உங்ககிட்டப் பேசறாளா?” என்று கேட்டான்.

பேசவில்லை. அவள் வேனை விற்றுவிட்டுத் தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள். கடைத்தெருவில் ஒருநாள் எதிர்ப்பட்டபோது கைகுவித்து வணங்கினாள், பதவியில் இருப்பவர்களை வணங்குவதுபோல, கொஞ்சம் அதிகமாகவே குனிந்து.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை பிற்பகல், மாடிப்படி ஏறி மூச்சுவாங்க சரோயுன் வந்தார். அறுபத்தொரு வயது. நெசவாலையில் முப்பது வருடம் நின்று இரண்டு காதும் போனவர். இளம் வயதில் ஏதோ ஒரு வழக்கு. அவருக்கும் அந்த நாடு கடத்தும் உத்தரவு உண்டு. கோட்டின் உள்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டார். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி, அதே செங்கல் கட்டடம்.

“போகட்டுமா, வேணாமாம்மா?” என்று காது கேளாதவர்களின் உரத்த குரலில் கேட்டார். “வக்கீலெல்லாம் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீ சொல்லு. நீ என்ன சொல்றியோ அதச் செய்யறேன்.”

கீழேயிருந்து நகப்பூச்சின் வாசனை தரைப்பலகைகளின் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. வன்னாரி கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். மறுபடியும் படித்தாள். போ என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பிளாஸ்டிக் பை கண்ணில் வந்தது. போகாதே என்று சொல்லப் பார்த்தாள். விடியற்காலையில் அவர் வீட்டுக் கதவு உடைபடுவது காதில் கேட்டது. உதடு இரண்டுமுறை அசைந்தது. தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

உதட்டசைவை வைத்தே பேச்சைப் புரிந்துகொள்கிற சரோயுன், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லத் தலையாட்டினார். முகம் தெளிந்தது.

“சரிம்மா. நானும் அதத்தான் நெனச்சேன்,” என்றார்.

“இல்ல, மாமா, நான் இன்னும்...”

அவர் அதற்குள் கடிதத்தை மடித்து உள்பையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து, திரும்பியிருந்தார். அவள் எழுந்து பின்னாலேயே ஓடி, பிடித்து நிறுத்தினால் எதைச் சொல்வது என்று தயங்கி மாடிப்படியின் தலையிலேயே நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பற்றி ஒவ்வொரு படியாக அவர் இறங்கிக்கொண்டிருந்தார். “மாமா! மாமா!” என்று கத்தினாள். கீழே கடையில் இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கதவைத் திறந்து, வெயில் கூசியதால் கையை நெற்றிமேல் வைத்துக்கொண்டு, வாசலில் வந்து நின்ற பேருந்தில் கூட்டத்தோடு ஏறினார்.