ஆறிய கை

மருமகள் மெரினாவின் கை ஆறிய பிறகுதான் பிலோமினம்மாவுக்குச் சந்தேகம் பிடித்தது. இலங்கையில் எஹலியகொடைக்கு அப்பால், ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின்கீழ் ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், அவர்கள் குடியிருந்தார்கள். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. ஸ்டோர் எனப்படும் தோட்டத்துத் தொழிற்சாலையில், ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட்டை ஊற்றும்போது கேன் நழுவி, மெரினாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தெறித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினாள். பழைய தோல் உரிந்து, பிள்ளையின் கன்னம் போல இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்துவிட்டது. புண் இல்லை, சீழ் இல்லை.

ஆனாலும் சட்டைக்கை உரசினால் துள்ளினாள். காற்று வந்தால் கதவைச் சாத்தினாள்.

"தண்ணி பட்டா நெருப்பா எரியுது மாமி."

"பச்சத் தண்ணி எரியுமா புள்ள?"

பிலோமினம்மா முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். கத்தி இறங்கிய விரல் எத்தனையோ தரம் ஆறியிருக்கிறது. ஆறினால் வலி போய்விடும், அவ்வளவுதான். இந்த வயதில் சமைப்பதும் துவைப்பதும் தன் தலையில் விழுந்ததை நினைக்க நினைக்க அவளுக்கு மனசு கறுவியது. ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பக்கத்து வீட்டு மல்லிகாவோடு மெரினா சிரித்துப் பேசியதைப் பார்த்தாள். சிரிக்கிறவளுக்கு என்ன வலி?

மகன் மெல்வினிடம் சொன்னாள்.

"சும்மா இருங்கம்மா. வலிக்குதுன்னு சொல்றாளே."

"சொல்றா. எங்க, காட்டச் சொல்லு பாப்போம்."

ஒரு பகலில் மெரினா பாயில் அசந்து தூங்கினாள். கை தலையணைமேல் விரிந்து கிடந்தது. விழித்திருக்கும்போது நடிக்கலாம், தூக்கத்தில் நடிக்க முடியுமா? பிலோமினம்மா செம்பில் விரலை நனைத்து, ஒரே ஒரு சொட்டை அந்தக் கைமேல் விட்டாள்.

மெரினா அலறிக்கொண்டு எழுந்தாள். கையை மார்போடு அணைத்துச் சுவரில் மோதிக்கொண்டாள். முகம் வெளுத்து, நெற்றி வேர்த்துவிட்டது.

"கூரைத் தகரம் ஒழுகுது புள்ள" என்றாள் பிலோமினம்மா.

மெரினா அண்ணாந்து பார்த்தாள். வாசலில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மாமியாரின் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள்.

அப்படியும் பிலோமினம்மாவுக்கு மனம் முழுதாகத் தெளியவில்லை. தூங்குவது போலக் கிடந்திருந்தால்? அடுத்த கிளினிக்குக்கு இரத்தினபுரிக்குத் தானே கூடப் போனாள்.

சிங்கள டொக்டரம்மா மெரினாவைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, பஞ்சால் கையைத் தொட்டாள். மெரினா துடித்தாள். அடுத்து டொக்டரம்மா தொடாமலே "இப்போ?" என்று கேட்டாள். "ஒன்னுமில்ல" என்றாள் மெரினா. திரும்பத் தொட்டதும் மெரினா துடித்தாள். பொய்யாகக் கேட்ட ஒரு தரம்கூட அவள் அசையவில்லை. பிலோமினம்மா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோல் நல்லாத்தானே இருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"பார்க்க நல்லா இருக்கு" என்றாள் டொக்டரம்மா. "தோல் வெறும் போர்வை இல்லை, அம்மா. சூடு, குளிர், வலி எல்லாம் நரம்புக்கு மட்டும்தான் தெரியும் என்று முன்பு நினைத்தோம். தோலில் இருக்கிற நுண்ணிய கலங்களும் அதை உணர்ந்து நரம்புக்குச் சொல்கின்றன என்று இப்போது கண்டுபிடித்து வருகிறார்கள். அசிட் பட்டு அந்த இடம் குழம்பிப்போயிருக்கிறது. பஞ்சு பட்டாலும் நெருப்பு என்றுதான் மூளைக்குச் சேதி போகிறது. வலி நிஜம்."

வீட்டுக்குத் திரும்பும் பஸ் குருவிட்ட தாண்டியதும் மெரினா கேட்டாள்.

"அன்னைக்கு நீங்கதானே தண்ணி விட்டீங்க?"

பிலோமினம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "என்ன புள்ள சொல்ற? நான் ஏன் விடப்போறேன்?"

"நான் தூங்குறப்ப வேற என்னமும் ஊத்தியிருந்தா?"



மருந்தில் வலி மெல்ல மெல்ல இறங்கியது. வருஷ முடிவில் மெரினா நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள், ரப்பர் ஷீட் தரம் பிரிக்கும் வேலைக்கு. மாமியாரிடம் மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து சாப்பிட்டதும், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பகலில் தூங்க மல்லிகா வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம், நடுச்சுவரைத் தாண்டிப் பிலோமினம்மாவுக்குக் கேட்கும்.