ஒரு வீட்டுக்கு எத்தனை வகைத் தோட்டா

ஏசுராஜிடம் ஒன்பது துப்பாக்கிகள் இருந்தன. ஒன்பதுக்கும் ஒன்பது விதமான தோட்டா. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்கு உதவாது. அவருக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை. ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டியில் அவரோடு எண்ணெய் கம்பெனியில் வேலை பார்த்த அமெரிக்கர்கள் பலரிடம் அதைவிட அதிகமாக இருந்தது. நாகர்கோவிலிலிருந்து வந்த மனிதருக்கு இந்தப் பழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டது என்று சர்ச்சில் யாராவது கேட்டால், "டெக்சஸ் தண்ணி ஆக்கும்" என்று சிரித்துவிடுவார்.

அவர் மனைவி ஜோசபின் ஒரு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். துப்பாக்கிகள் இருந்த இரும்பு அலமாரிப் பக்கம் அவள் போனதே கிடையாது. ஒரு கல்யாண நாளுக்கு அவளுக்கென்று அவர் சின்னதாக ஒரு ஷாட்கன் வாங்கிக் கொடுத்தார். "நெக்லஸ் வாங்கியிருக்கலாம்" என்று சொல்லி அதையும் அவரையே உள்ளே வைக்கச் சொல்லிவிட்டாள்.

1997-ல் ஈஸ்டர் முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை காலை, கேட்டிக்கு மேற்கே நெல் வயல்களைத் தாண்டி இருந்த, துப்பாக்கி சுடும் ஒரு ரேஞ்சுக்கு அவர்கள் போனார்கள். அங்கே யந்திரம் ஒன்று ஆரஞ்சு நிறக் களிமண் தட்டுகளை வானத்தில் வீசும். அதைப் பறவை என்று நினைத்துச் சுட வேண்டும். கூட வந்தது கஸ்தூரிரங்கன். ஏசுராஜின் ஆபீசில் சாஃப்ட்வேர் பார்ப்பவர், முட்டைகூடத் தொடாதவர். "உயிர் இல்லாத தட்டுதானே, ட்ரை பண்ணிப் பாக்கறேன்" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் ஹில்கிராஃப்டில் இந்தியக் கடையில் மளிகை வாங்க வேண்டியிருந்ததால் ஜோசபினும் கூடப் போய், பின்னால் ஒரு பெஞ்சில் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரங்கன் முதல் நான்கு தட்டில் ஒன்றை உடைத்தார். ஒரே சந்தோஷம். ஏசுராஜின் கையில்லாத வேட்டைச் சட்டையை மாட்டியிருந்தார். அதன் பையில் கையை விட்டு, கண்ணை வானத்திலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவைக் குழலில் போட்டு மூடினார். தட்டு பறந்தது. விசையை அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். துப்பாக்கியை மடக்கித் திறந்து பார்த்தார். தோட்டா இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"போடவே இல்ல போலிருக்கு ராஜ்" என்று சிரித்துக்கொண்டே, பையிலிருந்து ஒரு சிவப்புத் தோட்டாவை எடுத்துப் போட்டார்.

"ரங்கன், மூடாதீங்க." ஜோசபின் எழுந்து நின்றிருந்தாள். "நீங்க போட்டீங்க. நான் பாத்தேன். அது மஞ்சள் கலர்ல இருந்துது. அது எங்க போச்சு?"

ஏசுராஜ் இரண்டே எட்டில் பக்கத்தில் வந்தார். ரங்கன் கையிலிருந்து துப்பாக்கியை மெதுவாக வாங்கி, சிவப்புத் தோட்டாவை எடுத்துவிட்டு, குழலுக்குள் பார்த்தார். உள்ளே கொஞ்ச தூரத்தில் பித்தளை வட்டம் ஒன்று மினுங்கியது.

ரங்கன் பிடித்திருந்தது பன்னிரண்டு கேஜ், அதாவது பெரிய குழல். ஜோசபினுக்கு வாங்கியது இருபது கேஜ், எண் கூடினால் குழல் சின்னது. எப்போதோ அந்தச் சின்னதைச் சுட்டுப் பார்த்தபோது மிஞ்சிய மஞ்சள் தோட்டா சட்டைப் பையிலேயே கிடந்திருக்கிறது. பெரிய குழலில் போட்டதும் அது வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொண்டது. அதற்குப் பின்னால் சிவப்பைப் போட்டுச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். வெடிக்கிற இடம், ரங்கன் இடது கையால் தாங்கியிருந்த இடம்.

ரேஞ்ச் ஆள் ஒரு நீளமான மரக்கம்பைக் கொண்டுவந்து, குழலின் முன்பக்கம் வழியாகத் தள்ளி அதை வெளியே எடுத்தார். ரங்கன் தன் இடது கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தார்.

மளிகைக் கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காரில் ஏசுராஜ், "என் தப்பு. பையை செக் பண்ணாம கொடுத்துட்டேன்" என்றார். இனி துப்பாக்கியே வேண்டாம் என்று ஜோசபின் சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். அப்படிச் சொல்லியிருந்தால் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார்.

அவள் கேட்டது வேறு. "அந்த மஞ்சள், பெரிசுக்குள்ள ஏன் போகுது? போகாத மாதிரி செய்ய முடியாதா?"

"அதுக்குத்தான் மஞ்சள் கலரே. பாத்தா தெரியணும்னு."

"பாக்கலியே."

கொஞ்ச தூரம் போனபின் தானே தொடர்ந்தாள். "எங்க ஆஸ்பத்திரில ரெண்டு மருந்து பாட்டில், பாக்க ஒண்ணு போல இருக்கும். லேபிள்தான் வேற. ஒரு நாள் நர்ஸ் ஒருத்தி மாத்தி எடுத்துட்டா. நல்ல வேளையா கடைசி நேரத்துல கண்டுபிடிச்சோம். அவளைத் திட்டி என்ன பிரயோஜனம்? ரெண்டையும் ஒரே ஷெல்ஃப்ல வச்சது யாரு? இப்ப ஒண்ணு ரெண்டாவது மாடி, இன்னொண்ணு எங்க ரூம்ல." பிறகு, "எல்லாத்தையும் எனக்குக் காட்டுங்க" என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, எல்லாம் காலிதான் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி வைத்தார் ஏசுராஜ். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் தோட்டா ஒன்று. ஜோசபின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோட்டாக்களை மட்டும் எடுத்துப் பார்த்தாள்.

"இதுவும் இதுவும் ஒரே தடிமன்."

"ஆமா. த்ரீ-நாட்-எயிட், தர்ட்டி-ஆட்-சிக்ஸ். குண்டு ஒண்ணுதான், ஆட்-சிக்ஸுக்குப் பின்னால கூடு நீளம். வெடிமருந்து கொஞ்சம் அதிகம் பிடிக்கும்."

"அப்ப எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு மானுக்கு. இன்னொண்ணு..." ஏசுராஜ் யோசித்தார். "அதுவும் மானுக்குத்தான்."

"அந்த மூணாவது?"

"டூ-செவன்டி. அது கொஞ்சம் மெல்லிசு. தூரத்துல இருக்கிற மானுக்கு."

"உங்களுக்கு எவ்வளவு தூரத்துல மான் வருது?"

வருஷத்துக்கு ஒரு தடவை நண்பர்களோடு போகிற காட்டில் நூறு கஜத்துக்கு மேல் அவர் சுட்டதே இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "மூணும் மூணு விதம், ஜோசி. சுட்டவனுக்குத்தான் தெரியும்."

"தெரியுமான்னு பாத்துரலாமே."

இப்படித்தான் அந்தப் பரிசோதனை நடந்தது. அடுத்த சனிக்கிழமை ரைஃபிள் ரேஞ்சில் பக்கத்து மேஜையில் ஒரு ரிடையர்டு பல் டாக்டர் சுட்டுக்கொண்டிருந்தார். ஜோசபின் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. ஏசுராஜைக் காருக்கு அனுப்பி, ஜன்னலை ஏற்றி ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். டாக்டர் மூன்று ரைஃபிளாலும் நூறு கஜத்தில் மூன்று தாள்களைச் சுட்டார். எல்லாரும் சுடுவதை நிறுத்திய நேரத்தில் ஜோசபின் நடந்து போய்த் தாள்களை எடுத்துவந்து, பின்பக்கம் சின்னதாக அடையாளம் போட்டு, இடம் மாற்றி மேஜையில் பரப்பினாள்.

ஏசுராஜ் குனிந்து பார்த்தார். ஓட்டைகளில் விரல் வைத்துப் பார்த்தார். தாளைத் தூக்கி வெயிலில் பிடித்தார். கடைசியில் தீர்மானமாக ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். ஒன்று சரி. மற்ற இரண்டும் மாறிப்போயிருந்தன.

"சரியா சொன்னதுகூட கெஸ்தான்" என்று அவரே ஒப்புக்கொண்டார்.

"காட்டுல நிக்கிற மானுக்கும் தெரியாது" என்றார் பல் டாக்டர் ஆங்கிலத்தில். ஆனால் தன்னிடம் பதினாறு துப்பாக்கி இருப்பதாகவும், ஒன்றைக்கூட விற்கப்போவதில்லை என்றும் சொன்னார். ஏன் என்று ஜோசபின் கேட்டாள். எனக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான் என்றார். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. திரும்பி வரும்போது, "அவர் சொல்றதும் நியாயம்தான். பிடிச்சிருந்தா வச்சுக்கலாம். ஆனா தேவைன்னு சொல்லிட்டு வைக்கக் கூடாது" என்றாள்.

ஏசுராஜ் அந்த வாரம் முழுக்க அதையே யோசித்தார். எது தேவை, எது பிடித்தது? டூ-செவன்டியை ஆபீசில் எல்லாரும் புகழ்ந்ததால் வாங்கியது. ஆட்-சிக்ஸ் தள்ளுபடியில் வந்தது. இரண்டையும் கொடுத்துவிடலாம், த்ரீ-நாட்-எயிட் போதும். கைத்துப்பாக்கி இரண்டில், கையை உதறவைக்கும் பெரியது போகலாம். பழகுவதற்குச் சின்ன டூ-டூ ரைஃபிள் இருக்கட்டும். இவ்வளவும் அவரே ஆச்சரியப்படும்படி லேசாக முடிந்துவிட்டது. தர்ட்டி-தர்ட்டி என்ற பழைய ரைஃபிளில்தான் மனம் நின்றது.

அது பழைய நண்பன் சிவராமகிருஷ்ணனுடையது. எண்பத்தாறில் எண்ணெய் விலை விழுந்து ஹூஸ்டனில் வேலைகள் போனபோது, அவனும் திருச்சிக்குத் திரும்பிப் போனான். போவதற்கு முன்னால் அதை ஏசுராஜ் கையில் கொடுத்து, "வந்து வாங்கிக்கறேன்" என்றான். ஏசுராஜ் அதற்கு வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்தார். ஒரு தடவைகூடச் சுடவில்லை. அடுத்தவன் பொருள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காலிங் கார்டு வாங்கித் திருச்சிக்கு போன் போட்டார். குடும்பம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசிமுடித்தபின் மெதுவாகக் கேட்டார். "சிவா, உன் துப்பாக்கியை என்ன பண்ணட்டும்?"

"எந்தத் துப்பாக்கி?"

ஏசுராஜ் சொன்னார். பிறகு சிவராமகிருஷ்ணன் சிரிக்க ஆரம்பித்தான். "டேய், அதை இன்னுமா வச்சிருக்க? ஒரே ஒரு தடவைதான்டா சுட்டேன். தோள்பட்டை ஒரு வாரம் வலி. ஏர்போர்ட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதேன்னு உன்கிட்ட தள்ளிவிட்டேன். வித்துத் தொலை."

ஏசுராஜும் சிரித்தார். போனை வைத்தபின் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஜோசபின் காப்பி கொண்டுவந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஞாபகமே இல்ல அவனுக்கு. நான் என்னவோ அவன் திரும்பி வர்றதுக்கு அது ஒண்ணுதான் சாட்சின்னு நினைச்சு..." ஜோசபின் பக்கத்தில் உட்கார்ந்து, காப்பியைத் தானே பாதி குடித்துவிட்டு மீதியை அவரிடம் கொடுத்தாள்.

விற்க வேண்டியவற்றோடு அதுவும் துப்பாக்கிக் கடைக்குப் போனது.

கடைசியாக ஷாட்கன் இரண்டும். இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பன்னிரண்டு கேஜ் எல்லாவற்றுக்கும் ஆகும். குளிர்காலத்தில் கேட்டி வயல்களில் காட்டு வாத்து இறங்கும்போது ஆபீஸ் நண்பர்களோடு போக அதுதான் வேண்டும். இருபதை யாரும் தொடுவதில்லை. "உன்னுதைக் கொடுத்துரலாம். பிரச்சனையே அதனாலதானே" என்றார்.

"என்னுதா?" என்றாள். அவளுக்கே அது அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. "கொடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவை சுட்டுப் பாக்கறேன். என்னன்னு தெரியாமலே அனுப்பக் கூடாது."

களிமண் தட்டு ரேஞ்சில் அன்று அவர் பையை மூன்று முறை உதறிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். முதல் தட்டு அவளைத் தாண்டிப் போனது. இரண்டாவதும். மூன்றாவது நடுவானில் ஆரஞ்சுப் பொடியாகச் சிதறியது. ஜோசபின் துப்பாக்கியை இறக்கி, பொடி காற்றில் கலைவதைப் பார்த்தாள். பிறகு அடுத்த தோட்டாவைப் போட்டாள், நிறத்தைப் பார்த்துவிட்டு. ஒரு பெட்டி முடியும்வரை சுட்டாள். பெட்டி முடிந்ததும், "தட்டுக்கு முன்னால காலி இடத்தைச் சுடணும் இல்லியா? தட்டு அங்க வந்து சேருது. இதை ஏன் நீங்க எனக்குச் சொல்லல?" என்று கேட்டாள்.

"நீ கேக்கலியே."

"இது போகாது" என்றாள் ஜோசபின். "ரெண்டும் ஒரே வீட்ல இருக்கவும் கூடாது."

ஏசுராஜுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. காரில் வரும் வழியெல்லாம் வாத்து வேட்டையைப் பற்றி வாதாடினார். பன்னிரண்டின் வீச்சு, நண்பர்கள் சிரிப்பார்கள் என்ற பயம், எல்லாம். அவள் எதையும் மறுக்கவில்லை. "வேணும்னா என்னோடதை எடுத்துட்டுப் போங்க. கேட்டுட்டு எடுங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பன்னிரண்டு கேஜை விற்கப் போவதாக ஆபீசில் சொன்னபோது, "எனக்குக் கொடுங்க ராஜ்" என்றார் ரங்கன்.

"உனக்கா? அன்னைக்கு நடுங்கினது மறந்துபோச்சா?"

"மறக்கல. அதனாலதான். என்னை ஏமாத்தின துப்பாக்கி அது. அதை சரியா கத்துக்கணும்னு இருக்கு. வேற எந்தத் தோட்டாவும் என் வீட்ல இருக்காது." கொஞ்சம் தயங்கினார். "ஸ்வர்ணாகிட்ட மட்டும் இன்னும் சொல்லல."

மனைவி ஸ்வர்ணாவிடம் சொல்லி ஒத்துக்கொள்ளவைக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. இரும்புப் பெட்டியை முதலில் வாங்கு, பிறகு பார்க்கலாம் என்றாளாம்.

அந்தக் குளிர்காலத்தில் ஏசுராஜ் மனைவியிடம் கேட்டு இருபதை வாங்கிக்கொண்டு வாத்து வேட்டைக்குப் போனார். நண்பர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். மற்றவர்கள் சுடும்போது அவர் சுடவில்லை, அவ்வளவு தூரத்துக்கு அது எட்டாது. வயல் வரப்பில் படுத்து, பறவைகள் இறக்கையை மடக்கித் தாழ்ந்து வரும்வரை காத்திருந்தார். அவை ஒன்றையொன்று கூப்பிடும் சத்தத்தை அவ்வளவு கிட்டத்தில் அவர் கேட்டதில்லை. இரண்டு வாத்துகளோடு வீட்டுக்கு வந்தார்.

ஜோசபின் ஒன்றை மிளகு போட்டு வறுத்தாள். சாப்பிடும்போது, எவ்வளவு கிட்ட வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து, காற்று எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அடுத்த வாரம் நானும் வரேன்" என்றாள்.

"ஒரே ஒரு துப்பாக்கிதானே இருக்கு."

"இன்னொண்ணு வாங்குங்க" என்றாள். "இருபதே வாங்குங்க."