ஒரு காதுக் கருவியும் இரண்டு அரசுகளும்

ஜெர்மனியில், மாவட்ட உதவி அலுவலகமான சோசல் கந்தோர் வாசலில் குந்தியிருந்து ரஞ்சினி மகளின் சப்பாத்து நாடாவைக் கட்டினாள். "அம்பிகா, காலைத் தூக்கு" என்று பலமுறை சொல்லியும் பிள்ளை அசையவில்லை. கடைசியில் தானே பிடித்துத் தூக்கினாள். காதுக் கருவி கிடைக்காவிட்டால், கோடை முடிந்ததும் அம்பிகாவை மந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளிக்குத்தான் அனுப்புவார்கள். பாலர் பள்ளி ஆசிரியை முடிவாகச் சொல்லிவிட்டார்.

கருவி தரமாட்டோம் என்று எவரும் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். இவர்களைப் போன்ற அகதிகளுக்கு மாவட்டம் முதலில் செலவழிக்கும். மாநில அரசு பிறகு அந்தப் பணத்தை மாவட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். சாப்பாடு, உடுப்பு என்றால் பேச்சில்லை. காதுக் கருவி? "மாநிலம் ஒத்துக்கொள்ளட்டும்" என்றது மாவட்டம். "மாவட்டம் கொடுக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்றது மாநிலம்.

அவள் கணவன் நவரத்தினத்துக்கு யாழ்ப்பாணக் கச்சேரியில், அங்குள்ள அரச அலுவலகத்தில், காரியம் பார்த்த பழக்கம். மேலே இருப்பவரைப் பிடித்தால் கீழே இருப்பவர் தானாக அசைவார் என்று நம்பி, மாவட்டத்தில் கொடுத்த விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கி, கையோடு மாநிலத் தலைநகரான டுசல்டோர்ப்புக்குக் கொண்டுபோய் மாநில அலுவலகத்தில் கொடுத்திருந்தான்.

உள்ளே மாவட்ட அதிகாரி திருமதி லாங்கே கையை விரித்தார். "உங்கள் விண்ணப்பமே எங்களிடம் இல்லையே."

"பாத்தீரே, எங்களை அலைக்கழிக்கிறதுதான் இவைக்கு வேலை," என்றான் நவரத்தினம். "மந்திரிக்கே எழுதுவம்."

"அப்பிடியே போப்பாண்டவருக்கும் ஒண்டு போடுங்கோ. இப்ப கொஞ்சம் பேசாம இருங்கோ."

ரஞ்சினி அதிகாரியிடம் திரும்பி, தெரிந்த ஜெர்மனில் கேட்டாள். "நீங்கள் இரண்டு பேரும் சண்டையை முடிக்கும்வரை என் பிள்ளை காது கேளாமல் இருக்கவேண்டுமா?"

லாங்கே பேனையை மேசையில் வைத்தார்.

"அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. இரண்டு அலுவலகங்கள் 'நீ கொடு, நீ கொடு' என்று இழுபட்டால், முதலில் கேட்கப்பட்ட அலுவலகம் தற்காலிகமாகக் கொடுத்தே ஆகவேண்டும். கணக்கை அவை பிறகு தீர்த்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கியிருந்தாலும், நீங்கள் முதலில் வந்தது எங்களிடம்தான். ஆனால் அப்படித் தரும்படி நீங்கள் கேட்கவேண்டும்."

"ஏன் முதலே சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே."

"இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவள் எப்படிக் கேட்பாள்?"

லாங்கேயின் முகம் சிவந்தது. புதிய தாளொன்றை எடுத்து, எழுதவேண்டிய வரியைத் தானே சொல்லிக்கொடுத்தார். ரஞ்சினி கையெழுத்திட்டாள்.

"செலவை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் பங்கு போடுங்கள்," என்றாள் எழுந்தபடி. "பொறுப்பைப் பங்கு போடாதீர்கள். உரிமை இருக்கிறதென்று முதலில் வாய் திறந்து சொல்லவேண்டியது நீங்கள்தான்."

லாங்கே அவர்களுடனேயே வெளித் தாழ்வாரம்வரை வந்து, வரிசையில் அடுத்தவராக இருந்த கிழவரிடம், அவர் எதுவும் கேட்குமுன்னே, தற்காலிக உதவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.